ஒன்பது குச்சி, ஒரு கண்ணாடி, ஒரு தோசைக்கல்!

பக்கவாதத்தில் விழுந்த கையும் காலும் மறுபடி வேலைக்குச் சேரும் கூடத்துக்குள் ஒரு ஜாலி விசிட்

ஆஸ்பத்திரி என்றால் டெட்டால் வாடைதான் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வராந்தாவின் கோடியில் தோசை வாசனை வருகிறது! மோப்பம் பிடித்துக்கொண்டே போனால் ‘நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு’ என்று போர்டு. உள்ளே எண்பதுகளின் இளையராஜா பாட்டு. பாட்டுக்கு நடுவே யாரோ, “நாப்பத்தொண்ணு... நாப்பத்திரெண்டு...” என்று உரக்க எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையில் இருக்கிற பிரிவு இது. பெயர் போடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, யாரையும் பார்த்து ‘உச்’ கொட்டக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். மூன்றாவது நிபந்தனை அநாவசியம். இங்கே நடக்கிற கூத்தைப் பார்த்தால் உச் கொட்ட நேரமே கிடைக்காது.

ஜன்னலோரம் ஒரு பாட்டி கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கிறார். கயிற்றில் துணி ஒன்றுகூட இல்லை, வெறும் கிளிப் மட்டும். அடுத்த மேஜையில் ரிட்டையரான ஹெட்மாஸ்டர் பேப்பர் கப்புகளை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறார். சரிந்தால் மறுபடி முதலிலிருந்து. சுவரோரம் இரண்டு நீளக் கம்பிகளுக்கு நடுவே ஒரு லாரி டிரைவர் நடக்கிறார். இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காததால், கிளீனர் பையனை அதட்டுகிற குரலில் அந்தக் காலையே அதட்டுகிறார்: “வா... வான்னா வா!” வருகிறதே!

அலமாரிக்குள் என்ன இருக்கு?

“வெளிநாட்டு கிட் ஒண்ணு இருக்கு சார். அது ஆபீஸ் ரூம்ல பத்திரமா இருக்கு. நாங்க யூஸ் பண்றது இது” என்று மூத்த தெரபிஸ்ட் ஒருவர் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். அடடா! கோலிக்குண்டு, கேரம் காய், மொச்சைக் கொட்டை, சோழி, நட்டு போல்ட்டு. பலகையில் தைத்த ஜிப், பலகையில் அறைந்த தாழ்ப்பாள், கரன்ட் இல்லாத சுவிட்ச் போர்டு, தண்ணீர் வராத குழாய். பூட்டு ஒரு டஜன், சாவிக்கொத்து தனி. சப்பாத்தி மாவு ஒரு டப்பாவில் மூடி வைத்திருக்கிறது. தின்பதற்கில்லை, விரலால் பிசைந்து, கிள்ளி, உருட்டுவதற்கு. விரல்களுக்கு வலு கொடுக்க வெளிநாட்டில் களிமண் மாதிரி ஒன்றை விற்கிறார்கள். நம்மூர்க் கோதுமை மாவு அதே வேலையை மலிவாகச் செய்துவிட்டுப் போகிறது.

இதில் ஒரு பொருளும் வேடிக்கைக்காக வைத்ததில்லை. சாவியைத் திருப்ப முன்கை புரள வேண்டும். தாழ்ப்பாளை இழுக்கத் தோள் உயர வேண்டும். கோலிக்குண்டைக் கிண்ணத்தில் போடுவதில் பிடிப்பது பாதிதான், விடுவது மீதி. பக்கவாதக் கைக்கு மூடுவதைவிட விரிவதுதான் பெரும்பாடு. தசை இறுகி விரல்கள் மடங்கிக் கிடக்கும். பிடித்த குண்டை ‘டொக்’ என்று விட்டால் இங்கே அது விசில் அடிக்க வேண்டிய சாதனை.

பின்னால் கட்டிய கை

உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் ஒரு விஷயம் கண்ணில் படும். இங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பாட்டியின் கையிலிருந்து கிளிப் நழுவி மடியில் விழுகிறது. பக்கத்திலேயே நிற்கிற தெரபிஸ்ட் பெண் அசையவில்லை. பாட்டி முறைக்கிறார். அந்தப் பெண் சிரிக்கிறாள். பாட்டி பெருமூச்சு விட்டு, வலது கையை மடிக்குக் கொண்டுவந்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கப் பார்க்கிறார். கிளிப் வழுக்குகிறது. மறுபடி. சேலை மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. மறுபடி. கடைசியில் விரல் நுனியில் கிளிப் தொங்கியபடி மேலே வருகிறது! பாட்டி என்னைப் பார்த்து, “இவ கல்நெஞ்சக்காரி தம்பி” என்று அந்தப் பெண்ணைக் காட்டுகிறார். முகத்தில் ஏக பெருமை.

“எடுத்துக் குடுத்தா என்னம்மா?” என்று கிசுகிசுத்தேன்.

“குடுத்திருந்தா பாட்டிக்கு இத்தனை தடவை நஷ்டம் சார். கை முன்னாடி இருந்தா அது தானா உதவப் போயிடும். அதான் பின்னாடி கட்டிக்கிறோம்.”

இந்தக் கூடத்தின் தொழில் ரகசியமே இதுதான். இங்கே செல்லுபடியாகிற ஒரே நாணயம் ‘தடவை’. யார் எத்தனை தடவை செய்தார் என்பதுதான் கணக்கு. நோயாளிக்குச் சேர வேண்டிய தடவையை இன்னொருவர் செய்து கொடுத்துவிட்டால் அது திருட்டு!

ஏன் இந்தக் கெடுபிடி? மூளையின் ரத்தக்குழாய் அடைத்தாலும் வெடித்தாலும் பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்குப் போட்டார். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்வதும், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கெடு வைத்திருப்பதும் இதனால்தான். செத்த அணு செத்ததுதான். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடைத்தால் ஆட்டோக்காரர் சும்மா நிற்பாரா? சந்துக்குள் புகுந்து வளைந்து எப்படியோ எழும்பூர் போய்ச் சேர்ந்துவிடுவார். மூளையும் அப்படித்தான். பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் தினமும் அந்த வழியில் வண்டி ஓடினால்தான் சந்து பாதையாகும்.

எத்தனை தடவை ஓட வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் மூளை வரைபடம் மாறியபோது அவை ஒரு நாளைக்கு நானூறு, அறுநூறு தடவை அந்த அசைவைச் செய்திருந்தன. மனிதர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு என்று ஆய்வாளர் கேதரின் லாங் குழுவினர் 312 பயிற்சி நேரங்களில் உட்கார்ந்து எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். கைக்கான பயன்பாட்டு அசைவு ஒரு வேளைப் பயிற்சியில் சராசரியாக வெறும் 32! அதனால்தான் இங்கே யாராவது ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். சிலர் கையில் பஸ் ஸ்டாப்பில் ஜபம் பண்ணுகிறவர்கள் வைத்திருக்கும் ‘டிக் டிக்’ கவுன்ட்டர். அதுவும் அலமாரிச் சொத்துதான்.

இன்னொரு மேஜையில் ஒருவர் நல்ல கைக்குப் பஞ்சு வைத்த பெரிய உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குத்துச்சண்டை நடக்கப்போகிறதோ என்று பார்த்தால், இல்லை, நல்ல கைக்கு லாக்-அப்! உளவியலாளர் எட்வர்ட் டாப் உருவாக்கிய முறை இது. வராத கையால் முயன்று முயன்று தோற்றுப்போகிறவர், ஒரு கட்டத்தில் அந்தக் கையை மறந்தே விடுகிறார். எல்லா வேலையும் நல்ல கைக்குப் போய்விடுகிறது. கொஞ்சம் பிழைத்திருக்கிற அசைவும் துருப்பிடிக்கிறது. நல்ல கையைக் கட்டிப்போட்டால்? பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் வரை உறை மாட்டி, இரண்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் கை தெளிவாக முன்னேறியது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது விரிய வேண்டும். அறவே அசையாத கைக்கு இந்த வைத்தியம் ஆகாது.

உறைக்காரர் என்னிடம் மூக்கைக் காட்டி, “சொறியணும் சார், முடியல” என்றார். தெரபிஸ்ட் தூரத்திலிருந்தே, “அந்தக் கை எதுக்குண்ணா இருக்கு?” என்று கத்தினார். வராத கை மெல்ல மெல்லக் கிளம்பி, வழியில் காதைத் தொட்டு, மூக்கை அடைந்தது. ஆஹா, அந்தச் சுகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம்ம ஊர்க்காரர் கண்ணாடி

திரை போட்ட சிறு அறையில் ஒரு மாயாஜாலம். மேஜை நடுவே நிமிர்த்தி வைத்த கண்ணாடி. ஒரு அக்கா வராத இடது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வலது கையை முன்னால் வைத்திருக்கிறார். வலது கையை மூடித் திறக்கிறார். கண்ணாடிக்குள் இடது கை மூடித் திறக்கிறது! நிஜத்தில் அது அசையவே இல்லை என்று அவருக்குத் தெரியும். கண்ணுக்கும் மூளைக்கும் தெரியாது. அவர் பார்வை கண்ணாடியை விட்டு அகலவில்லை. இமைக்கக்கூட மறந்துவிட்டார்.

இந்த வித்தையின் சொந்தக்காரர் யார் தெரியுமா? நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்! அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரன். கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியராக இருந்தபோது, கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் அவர் கண்ணாடிப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அதையே பக்கவாதக் கைக்கும் முயன்று பார்த்த ஆய்வு 1999-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 2018-இல் 62 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வு, மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் கை கால் அசைவுக்கும் அன்றாட வேலைகளுக்கும் இது உதவுகிறது என்றது. கரன்ட் செலவில்லை, மருந்தில்லை. பர்மா பஜாரிலோ பாத்திரக் கடையிலோ கிடைக்கிற சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

வராத கைக்கு முதல் மரியாதை

இப்போது மேக்கப் ரூம் ரகசியம். சட்டை போடுவதற்கு இங்கே ஒரு சட்டமே இருக்கிறது. போடும்போது வராத கைக்கு முதல் மரியாதை, கழற்றும்போது அதற்குக் கடைசி இடம். சட்டையை மடியில் விரித்து, வராத கையை முதலில் அதன் கைக்குள் நுழைத்து, தோள் வரை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் நல்ல கை. மாற்றிச் செய்தால் சட்டை பாதியில் சிக்கி, மனிதர் பொம்மலாட்டம் ஆட வேண்டியதுதான்.

லாரி டிரைவர் சட்டை போடுவதை முழுசாகப் பார்த்தேன். மேல் பட்டனைக் கடைசியாக விட்டார். கீழிருந்து மேலே வந்தால் கண்ணுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் சமமாக வரும். நல்ல கையால் பட்டனை ஓட்டைக்குள் தள்ளும்போது வராத கை சட்டை விளிம்பை வயிற்றோடு அழுத்திப் பிடிக்கிறது. அவ்வளவுதான் அதற்கு இன்றைய டியூட்டி. “பேப்பர் வெயிட் வேலை குடுத்திருக்கோம்ணே. அடுத்த மாசம் புரமோஷன்” என்கிறார் தெரபிஸ்ட் தம்பி.

வேட்டிக்கு ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ ரகம் வந்ததில் இங்கே எல்லோருக்கும் கொண்டாட்டம். நல்ல கை ஒன்றே போதும், இடுப்பில் நிற்கும். ஜாக்கெட் ஊக்கைப் பிரித்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்துத் தருகிற டெய்லர் நம்பர் செவிலியர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

வலது கை விழுந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். இடது கையால் சாப்பிடுவதா? வீட்டில் மருமகள் முன்னால் கூச்சம், பந்தியில் கேட்கவே வேண்டாம். சோறு பிசைவது சாதாரண வேலையா என்ன? ஐந்து விரலும் கூடி, அள்ளி, உருட்டி, கட்டை விரலால் வாய்க்குள் தள்ள வேண்டும். அதனால் இங்கே முதலில் பொரி, அப்புறம் இட்லித் துண்டு, அப்புறம் தயிர்சாதம், கடைசியில்தான் ரசஞ்சாதம். ரசஞ்சாதத்தைச் சிந்தாமல் சாப்பிட்டவர் இங்கே டிகிரி வாங்கியவர். அதுவரை கைப்பிடி தடித்த ஸ்பூன் உண்டு. சைக்கிள் ஹேண்டில்பார் ரப்பரைச் செருகித் தாங்களே செய்துகொண்டது!

தோசை வாசனைக்கு வருவோம். கூடத்தின் பின்பக்கம் குட்டிச் சமையலறை. கேஸ் அடுப்பு இல்லை, இண்டக்ஷன்தான். ஒரு அத்தை கரண்டியால் மாவு ஊற்றி வட்டம் இழுக்கிறார். முழங்கை நீண்டு, மணிக்கட்டு சுழன்று, வேகம் சீராக இருந்தால்தான் வட்டம் வரும். வந்தது வட்டமில்லை, கிட்டத்தட்ட இலங்கை. “இதை யார் தின்பா?” என்று அவரே கேட்கிறார். தெரபிஸ்ட், அட்டெண்டர், லாரி டிரைவர், நான் என்று நாலு பேர் கை தூக்கினோம். லாரி டிரைவர் எந்தக் கையைத் தூக்கினார் என்று கவனித்தீர்களா? கூடமே கவனித்துவிட்டது! இடது கை, காது உயரம் வரை!

உப்பு எங்கே?

ஹெட்மாஸ்டரின் கதை வேறு. அவருக்கு மூளையின் வலப்பக்கம் அடிபட்டிருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மனதில் ஏறுவதில்லை. வலது கன்னத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு கிளம்பிவிடுகிறாராம். கப்புக் கோபுரம் எப்போதும் வலப்பக்கமே நகர்வது இதனால்தான்.

இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பயிற்சிக் கருவி வாழை இலை! நுனி இலை இடப்பக்கம் வரப் போட்டு, முறைப்படி இடது மேல்மூலையில் உப்பும் ஊறுகாயும் வைக்கிறார்கள். மனிதர் வலப்பக்கத்துச் சோற்றைத் தின்றுவிட்டு, “உப்பே வைக்கலையே!” என்று சண்டைக்கு வருகிறார். யாரும் இலையைத் திருப்பிக் காட்டுவதில்லை. மேஜையின் இடது ஓரத்தில் ஒட்டிய சிவப்புப் பட்டையைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறார்கள். தலை திரும்புகிறது, பட்டையைக் கண்கள் தொடுகின்றன, அங்கிருந்து மெல்ல வலப்பக்கம் வருகிற வழியில்... உப்பு! ஊறுகாய்! கூடவே ஒரு ஜாங்கிரி! ஹெட்மாஸ்டர் முகத்தில் அப்போது வந்த திகைப்பு இருக்கிறதே, பத்தாவது ரிசல்ட் பார்த்த பையனுக்குக்கூட வராது.

மூன்று மீட்டர் பாதை

நடைப் பகுதியில் பாட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. யாரோ போரடித்துப் போய் மாற்றுகிறார்கள் என்று நினைத்தால் அதிலும் கணக்கு. மெதுவாக நடக்கிறவருக்கு மெலடி, கொஞ்சம் தேறியவருக்கு நடுவாந்திரம், வீட்டுக்குப் போகப்போகிறவருக்குக் குத்து! தாளத்தின் அடியில் கால் பதிந்தால் எட்டுகள் சமமாகும் என்று மைக்கேல் தாட் குழுவினர் தொண்ணூறுகளிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் இடுப்பில் ஒரு அகலப் பெல்ட், அதில் தெரபிஸ்ட்டின் இரண்டு விரல். தூக்குவதற்கில்லை. சாய்ந்தால் பிடிக்க.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? முக்கால்வாசிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். நல்ல கையில்! படிக்கட்டுக்கும் சூத்திரம் உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். மரத்தில் செய்த படிகள் வேறு வேறு உயரத்தில் கிடக்கின்றன. அதில் மிக உயரமான ஒன்றின் மேல் சாக்பீஸால் எழுதியிருக்கிறது: ‘டவுன் பஸ்’.

பெரிய மெஷின்கள் இல்லையே என்று ஏங்க வேண்டாம். உடலைத் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்கவைக்கும் பயிற்சியையும், தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கொடுக்கும் சாதாரணப் பயிற்சியையும் 408 பேரிடம் ஒப்பிட்டது 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. மெஷின் ஜெயிக்கவில்லை!

இன்று பரீட்சை

நல்ல வேளையாக நான் போன அன்று டெஸ்ட் நாள். ஸ்டாப் வாட்ச் வெளியே வந்ததும் கூடமே நிமிர்ந்து உட்கார்கிறது.

முதல் பேப்பர், பெட்டி-கட்டை. நடுவில் தடுப்பு வைத்த பெட்டியில் இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டைகள் 150. அறுபது விநாடியில் எத்தனையைத் தடுப்பைத் தாண்டிப் போடுகிறீர்கள்? இரண்டாவது, ஒன்பது குச்சி. ஒன்பது ஓட்டைகளில் ஒன்பது குச்சிகளைச் செருகி, மறுபடி எடுக்க வேண்டும். நலமாக இருக்கிறவர் இருபது விநாடியை ஒட்டி முடிப்பார். பாட்டிக்கு இரண்டு நிமிடத்தை நெருங்கியது. “போன தடவை அஞ்சு குச்சிக்கு மேல போகவே இல்ல!” என்று பாட்டியே எனக்குப் பத்திரிகைக் குறிப்பு கொடுத்தார். மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி, வந்து உட்கார்வது. 1991 முதல் உலகமெங்கும் இதே பரீட்சைதான்.

கடைசியில் மொத்த ரிப்போர்ட் கார்டு: பார்தெல் அட்டவணை. டாக்டர் ஃப்ளோரன்ஸ் மஹோனியும் பிசியோதெரபிஸ்ட் டோரத்தியா பார்தெலும் 1965-இல் வெளியிட்டது. பத்து பாடம், நூறு மார்க். குளிக்க 5, சாப்பிட 10, படி ஏற 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற 15. இதில் ஒருவருக்கும் நூறு மீட்டர் ஓட்டம் கிடையாது, எடை தூக்குவது கிடையாது. கக்கூஸ் போக இன்னொருவரைக் கூப்பிட வேண்டாம் என்கிற இடம்தான் இங்கே எவரெஸ்ட். குந்தி உட்கார்ந்து போகிற கழிப்பறை மட்டும் இருக்கிற வீடென்றால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்குவது பற்றித்தான் குடும்பத்தோடு முதல் பேச்சு.

வராந்தா வில்லன்கள்

இந்தக் கதைக்கு வில்லன் வேண்டுமே? வராந்தாவில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கமான மனிதர்கள். அன்பு மிகுதியால் ஊட்டிவிடுகிறவர்கள், உடம்பு தேய்த்துக் குளிப்பாட்டிவிடுகிறவர்கள், வராத கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிடுகிறவர்கள். கடைசி ரகம்தான் ஆபத்து. தசை தளர்ந்த தோள் மூட்டு அந்த இழுப்பில் இறங்கிவிடும், அப்புறம் வலிதான். தூக்குவதென்றால் இடுப்பைப் பிடிக்க வேண்டும், கையை ஒருபோதும் இழுக்கக் கூடாது. இது இங்கே சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

“கரன்ட் வைக்க மாட்டீங்களா மேடம்?” என்று ஒரு மகன் கேட்கிறார். கேட்காத குடும்பமே கிடையாதாம். தசைக்கு மின் தூண்டல் கொடுப்பதற்கும் இடம் உண்டு. ஆனால் படுத்துக்கொண்டு கரன்ட் வாங்குவதிலும், யாரோ பிடித்துவிடுவதிலும் ‘தடவை’ சேர்வதில்லை என்பதுதான் சிக்கல். புறா ரத்தம் தடவலாமா என்று கேட்கிறவர்களும் வருகிறார்கள். “புறா பாவம்” என்பதுதான் இவர்களுடைய பதில்.

சரி, அவசரப்பட்டு முதல் நாளே கட்டிலிலிருந்து இறக்கி ஓடவிடலாமா? அதுவும் ஆகாது. 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளிவந்த ‘அவெர்ட்’ ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பப்பட்டு நிறையப் பயிற்சி பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரும் தெரபிஸ்ட்டும் சொல்ல வேண்டும். வீட்டாரே முழுப் பொறுப்பும் எடுத்துக்கொண்டால்? அதையும் நம் நாட்டில் பார்த்துவிட்டார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து அவர்களையே பயிற்சி கொடுக்கவைத்த அந்த ஆய்வு 2017-இல் வந்தது. ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அந்த நோயாளிகள் மேலாக இல்லை. “பாசம் மட்டும் பத்தாது சார். இன்னைக்கு எந்த வேலை கொஞ்சம் கஷ்டமா இருக்கணும், எது வேண்டாம்னு பார்க்கிறதுக்கு ஒரு கண்ணு வேணும்” என்கிறார் மூத்த தெரபிஸ்ட். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் வேகம் குறையும், நின்றுவிடாது. எல்லோருக்கும் எல்லாம் திரும்புவதும் இல்லை. திரும்பாத அசைவுக்கு மாற்று வழி சொல்லித் தருவதும் இவர்கள் வேலைதான். செலவுக்கும் தூரத்துக்கும் பயந்து பாதியில் விடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது.

வில்லன்களைத் திருத்தவும் இங்கே வகுப்பு உண்டு. பாடம் ஒன்றே ஒன்று: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் அவரே செய்யத் தொடங்கியிருப்பார். தொடங்காவிட்டால், கொஞ்சமாகத் தொடங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். களைத்துவிட்டாரா, நிறுத்துங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் சோர்வு சோம்பேறித்தனம் கிடையாது. காரணமில்லாமல் அழுகை வந்தாலோ நாள்கணக்கில் மனம் விட்டுப்போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

நீங்களும் என்றைக்காவது ஒரு பெரியப்பாவையோ சித்தியையோ பார்க்கப் போவீர்கள். கையில் வழக்கம்போல ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். கொண்டுபோங்கள், தப்பில்லை. மூடியை மட்டும் திறந்து கொடுத்துவிடாதீர்கள். பாட்டிலை வராத கை அணைத்துப் பிடிக்கட்டும், நல்ல கை திருகட்டும். “ஏண்டா, இதைக்கூடத் திறந்து தரக் கூடாதா?” என்று திட்டு விழும். விழட்டும். கல்நெஞ்சக்காரர் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்ததாக அர்த்தம்!